அடுப்பின் வாயும் சுவரின் சுமையும்

ஊரிலே வீடு கட்டுவோர் அக்கினி மூலை பார்த்து அடுப்பு வைப்பார்கள். மும்பையிலோ, எந்த மூலை எஞ்சுகிறதோ அதுவே அக்கினி மூலை. தாராவியின் சந்துகளில் வளர்ந்த நம்மில் பலருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தடிக்குப் பத்தடி அறை. அதன் ஒரு சுவரில் அடுப்பு. அந்தச் சுவர்மேலே பரண். பரண்மேலே உறங்கும் மனிதர்கள். அடுப்பும் வீடும் இவ்வளவு நெருங்கியிருக்கும் இடத்தில், அடுப்பிலே செய்யும் சிறு மாற்றமும் வீட்டிலே செய்யும் மாற்றமாகவே முடியும்.

செங்கற்சுவரில் அமைந்த பழைய அடுப்பு மாடத்தின் வாயை அகலமாக்கி, அதனுள் புதிய இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். “இதில் என்ன இருக்கிறது? இருபுறமும் ஆறாறு அங்குலம் இடித்தால் தீர்ந்தது” என்று எண்ணுவோர் உண்டு. நானும் அவ்வாறு எண்ணியவன்தான். பௌதிகம் படித்துக்கொண்டே அவ்வாறு எண்ணினேன் என்பதே வெட்கத்திற்குரியது. ஆகவே என் பிழையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

நடந்தது

என் அத்தை வீட்டில் இட்டலி வியாபாரம். தாராவிக்கு அது புதிதன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் பலர், விடியுமுன் அவித்த இட்டலியைத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுசென்று விற்றே தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அத்தை வீட்டு அடுப்பு, சுவரோடு சேர்த்துக் கட்டிய மாடம். அதன் வாய் 30 அங்குல அகலம், 24 அங்குல உயரம். வாயின்மேல் 38 அங்குல நீளமுள்ள கடப்பாக் கல் ஒன்று, இருபுறமும் நான்கு நான்கு அங்குலம் சுவரில் அமர்ந்திருந்தது. மாடத்தின் உச்சியிலிருந்து, உள்ளே ஒன்பது அங்குலச் சதுரமான செங்கற் புகைபோக்கி ஏறத்தாழ 16 அடி எழுந்து கூரைக்குமேல் தலைநீட்டியது.

2022ஆம் ஆண்டு மே மாதம். நான் அப்போது பி.எஸ்சி. வகுப்பில் இருந்தேன். வியாபாரம் பெருகியதால் பெரிய இட்டலிக் கொப்பரை தேவைப்பட்டது. அதைத் தாங்கும் இரும்பு விறகடுப்பு ஒன்றை மாமா வாங்கி வந்தார். அதை உள்ளே வைக்க வாய் 42 அங்குலம் ஆக வேண்டும்.

“மருமவனே, நீ படிச்ச பிள்ளை. இடிக்கலாமா, சொல்லு” என்றார் மாமா.

“தாராளமா இடிக்கலாம் மாமா. ஒம்பது அங்குலச் சுவரு, ஒரு அடிக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஒரு நாள் கடை அடைத்தால் ஒரு நாள் வாடிக்கை போகும், ஆகவே அவசரம். அழைத்து வந்த இளைஞரும் என் சொல்லை நம்பி இடப்பக்கத்துச் செங்கற்களைப் பெயர்த்தார். நான்காவது செங்கல் வெளிவந்ததும் கடப்பாக் கல் ஒருபுறம் சாய்ந்தது. மூன்று வரிசைச் செங்கல் சரிந்தது. சுவரில் ஒரு விரிசல், படிக்கட்டுப் போல ஏறி ஏறி, பரணின் விட்டம் அமர்ந்த இடத்தைத் தொட்டு நின்றது.

அந்த நேரத்தில் ஆச்சி வழக்கமாகப் பரணில் உறங்குவாள். அன்று குழாயில் தண்ணீர் வந்தது என்று குடத்தோடு கீழே இறங்கியிருந்தாள். அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அன்று; குழாயின் கருணை.

சந்தின் கோடியில் இருந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் விரிசலைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முட்டு எங்கே தம்பி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. விடையைத் தேடிப் பிறகு நான் கற்றுக்கொண்டதையே கீழே தருகிறேன்.

சுவர் எங்கே சாய்கிறது?

சுவரில் ஒரு வாய் திறந்தால், அதற்கு மேலுள்ள சுவர் முழுவதும் வாய்க்கல்லின்மேல் ஏறிவிடுமா? ஏறாது. ஒரு வரிசையின் இணைப்புக்குமேல் அடுத்த வரிசையின் செங்கல் நடு வருமாறு அடுக்குவது கொத்தனார் மரபு. அவ்வாறு பின்னப்பட்ட சுவரில் சுமை நேரே கீழே விழாமல், வரிசைக்கு வரிசை பக்கவாட்டில் நகர்ந்து, வாயின் இருபுறத்துச் சுவர்களில் இறங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு அங்கே வேலை செய்கிறது என்று கொள்ளலாம். அந்த வளைவுக்குக் கீழே அகப்பட்ட முக்கோணப் பகுதி மட்டுமே வாய்க்கல்லின்மேல் சாய்கிறது. எங்கள் சுவர் படிக்கட்டுப் போல வெடித்ததற்குக் காரணமும் அதுவே. முக்கோணத்தின் ஒரு பக்கத்தையே அந்த விரிசல் வரைந்து காட்டியது.

இந்த முக்கோணத்தை மூன்று பக்கமும் சமமானதாகக் கொண்டு கணக்கிடுவது கட்டடக் கலையில் வழக்கம். கல் சுவரில் அமரும் இடத்தையும் ஓரளவு சேர்த்து, பழைய வாய்க்கு 0.9 மீட்டர் என்றும் புதிய வாய்க்கு 1.2 மீட்டர் என்றும் அகலம் கொள்வோம். சுவரின் கனம் 0.23 மீட்டர். ஒரு கன மீட்டர் செங்கற்கட்டு சுமார் 1,900 கிலோ. இவற்றைப் பெருக்கினால், பழைய கல் சுமந்தது ஏறத்தாழ 153 கிலோ. புதிய கல் சுமக்க வேண்டியது ஏறத்தாழ 272 கிலோ.

இதோடு நிற்கவில்லை. கல்லை முறிப்பது எடை மட்டுமன்று. அந்த எடை எவ்வளவு தூரத்தின் நடுவே தொங்குகிறது என்பதும் சேர்ந்ததே. முக்கோணத்தின் பரப்பு அகலத்தின் இருபடியாக வளரும். தூரம் மேலும் ஒரு படியாக வளரும். ஆகவே கல்லை வளைக்க முயலும் திறன் அகலத்தின் முப்படியாக வளர்கிறது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. முறிக்கும் திறனோ 2.4 மடங்கு ஆயிற்று! “ஒரு அடிதானே” என்ற என் சொல் எவ்வளவு அறியாமை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும்.

கல்லின் இயல்பையும் இங்கே நினைக்க வேண்டும். அழுத்தினால் கல் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேலிருந்து சுமை வளைக்கும்போது கல்லின் மேற்பக்கம் அழுந்துகிறது; கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. கடப்பாக் கல் முன்னறிவிப்பின்றி இரண்டாக முறிவது அதனால்தான். இரும்போ, அழுத்தத்தையும் இழுப்பையும் ஒப்பத் தாங்கும். தாங்க முடியாதபோதும் முதலில் தொய்ந்து காட்டும்.

முக்கோணக் கணக்கு எங்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அது செல்லுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, முக்கோணத்தின் உச்சிக்கு மேலும் சுவர் இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு உருவாவதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, வாயின் இருபுறமும் போதிய சுவர் எஞ்ச வேண்டும். வளைவு எதுவாயினும் தன் கால்களை வெளிப்புறமாக உதைக்கும். வாயை வீட்டு மூலைவரை அகலமாக்கிவிட்டால் அந்த உதையைத் தாங்க ஆளில்லை. சுவர் வெளியே தள்ளப்படும்.

மூன்றாவது, முக்கோணத்துக்குள்ளோ அதற்குச் சற்று மேலோ பரணின் விட்டமோ மாடியின் உத்தரமோ அமர்ந்திருக்கக் கூடாது. அமர்ந்திருந்தால் அதன் சுமையையும் தனியே சேர்க்க வேண்டும். அத்தை வீட்டில் விட்டம் வாயின் நடுவுக்கு நேர்மேலேயே இருந்தது. பரண், அதன்மேல் அரிசி மூட்டை, ஆச்சி, அவளுடைய டிரங்குப் பெட்டி எல்லாமாக அந்த விட்டத்தின் முனை 300 கிலோவை இறக்கியது என்று வைத்துக்கொண்டாலும், சுவரின் முக்கோணம் முழுவதும் செய்வதைவிட அதிக வளைவை அந்த ஒரு முனையே செய்துவிடும்.

முறையாகச் செய்வது

முதிய கொத்தனார் செய்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் பரணைக் காலி செய்தார். மனிதரும் பொருளும் இறங்கிய பிறகே மற்ற வேலை.

2. பரணின் விட்டங்களுக்கு அடியில் குறுக்கே ஒரு கனத்த கட்டையைக் கொடுத்து, அதன்கீழ் இரண்டு முட்டுக்கால்களை நிறுத்தினார். கால்களின் அடியில் பலகை வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். வெறுந்தரையில் நிற்கும் முட்டு தரையில் புதையும். புதைந்த முட்டு முட்டே அன்று.

3. வாய்க்கு மேலே, புதிய கல் வரவேண்டிய உயரத்தைத் தாண்டி, சுவரில் இரண்டு ஓட்டைகள் போட்டு, அவற்றின் வழியே இரண்டு கனத்த கட்டைகளைச் சுவரின் ஊடாகச் செலுத்தினார். ஒவ்வொரு கட்டையின் இருமுனைகளையும் சுவரின் இருபுறத்திலும் முட்டுக்கால்கள் தாங்கின. இப்போது முக்கோணத்தின் எடை வாய்க்கல்லை விட்டு முட்டுகளுக்கு வந்துவிட்டது.

4. அதன்பின்பே பழைய கல்லை எடுத்தார். சம்மட்டியால் ஓங்கி அடிக்கவில்லை. உளியால் காரையைக் கீறிச் செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். அதிர்ச்சி பழைய சுண்ணாம்புக் காரையை நெடுந்தூரம் தளர்த்திவிடும்.

5. கல்லுக்குப் பதிலாக மூன்று அங்குலச் சேனல் இரும்பு இரண்டை, சுவரின் கனத்துக்கு ஒன்றையொட்டி ஒன்றாக வைத்தார். வாய் 42 அங்குலம். இரும்பு 54 அங்குலம். இருபுறமும் ஆறு அங்குலம் சுவரில் அமர்ந்தது. அமரும் இடத்தில் புதிய செங்கலைச் சிமிண்டுக் காரையில் பதித்து மட்டம் பார்த்தார்.

6. இரும்புக்கும் அதற்கு மேலுள்ள பழைய செங்கலுக்கும் இடையே எஞ்சிய சந்தில், அதிகம் ஈரமில்லாத காரையை இறுக்கித் திணித்தார். இந்தச் சந்து வெறுமையாக இருந்தால், முட்டை எடுத்த அன்றே சுவர் அந்த அளவுக்கு இறங்கி மீண்டும் வெடிக்கும்.

7. காரை இறுகும்வரை முட்டுகளை எடுக்க மறுத்துவிட்டார். மாமா மூன்றாம் நாளே கெஞ்சினார். “இட்டிலி ஒரு வாரம் காத்திருக்கும், சுவரு காத்திருக்காது” என்று ஏழு நாள் கழித்தே, ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுத்தார்.

இவை நூலில் காண்பதற்கு எளியவை. பெரிய சுவருக்கும், பல மாடி வீட்டுக்கும், பிறர் வீட்டோடு பொதுவாக உள்ள சுவருக்கும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் துணியக் கூடாது. மாட்டுங்காவில் உள்ளவை போன்ற பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவரே மாடிகளைச் சுமக்கிறது. அங்கே கீழ்வீட்டார் தம் சமையலறையில் எடுக்கும் செங்கல், மூன்றாம் மாடியாரின் தரையைத் தாங்குவதாக இருக்கலாம். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அங்கே உளியைத் தொடுவது குற்றம்.

புகை ஏன் திரும்பிற்று?

சுவர் நின்றது, அடுப்பு அமர்ந்தது. “இனிக் கவலையில்லை” என்று மாமா மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு நெருப்பு மூட்டினார். கால்மணி நேரத்தில் அறை முழுவதும் புகை. இருபது ஆண்டுகளாக ஒழுங்காக மேலே போன புகை, இப்போது வாயின் மேல்விளிம்பைத் தாண்டி முகத்தில் வந்து மோதிற்று. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொப்பரையை இறக்கினாள். ஒரு வாரம் வரையில் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவளுடைய இருமல் சொல்லிற்று.

புகைபோக்கி புகையை இழுப்பது எவ்வாறு? சூடான காற்று இலேசானது. குளிர்ந்த காற்று கனமானது. புகைபோக்கியினுள் நிற்கும் சூடான காற்றுத்தூணுக்கும், வெளியே அதே உயரமுள்ள காற்றுத்தூணுக்கும் உள்ள எடை வேறுபாடே இழுவை. 5 மீட்டர் உயரம், உள்ளே சராசரி 150 பாகை, வெளியே 30 பாகை என்று கணக்கிட்டால் இழுவை ஏறத்தாழ 16 பாஸ்கல் வருகிறது. நீர்மட்டத்தில் சொன்னால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓர் அரிசியின் கனம்! இந்த மெல்லிய விசையை நம்பியே நம் தாய்மார்களின் நுரையீரல்கள் இருக்கின்றன.

இதே புகைபோக்கி, வெளியே உறைபனி நிலவும் நாட்டில் இருந்தால் இழுவை 22 பாஸ்கலைத் தாண்டும். அதாவது மும்பையின் வெப்பமே நம் இழுவையில் கால் பங்குக்கு மேல் பறித்துக்கொள்கிறது. மேலைநாட்டார் தம் கணப்புகளுக்கு வகுத்த அளவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த அளவுகளில் ஒன்று இது: திறந்த கணப்பின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைபோக்கியின் உட்பரப்பு இருக்க வேண்டும், புகைபோக்கி குட்டையானால் எட்டில் ஒரு பங்கு வேண்டும். அத்தை வீட்டின் பழைய வாய் 30 பெருக்கல் 24, அதாவது 720 சதுர அங்குலம். புகைபோக்கி 9 பெருக்கல் 9, அதாவது 81. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! எந்தச் சூத்திரமும் படிக்காத யாரோ ஒரு கொத்தனார், கைப்பழக்கத்தாலேயே சரியான இடத்தில் நிறுத்தியிருந்தார். நாங்கள் வாயை 42 பெருக்கல் 24, அதாவது 1,008 சதுர அங்குலம் ஆக்கினோம். புகைபோக்கியோ அதே 81. பங்கு பன்னிரண்டரையில் ஒன்றாகத் தாழ்ந்தது.

விளைவு என்ன? புகைபோக்கி இழுக்கும் காற்றின் அளவு மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதே காற்று இப்போது பெரிய வாயின் வழியே நுழைவதால் அதன் வேகம் நூற்றுக்கு 71 பங்காகக் குறைந்துவிட்டது. புகையை உள்ளே தள்ளி வைப்பது அந்த உள்நுழையும் காற்றின் வேகமே. மேலும், பெரிய வாய் தேவையற்ற குளிர்ந்த காற்றையும் விழுங்கும். அது புகைபோக்கிக்குள் கலந்து வெப்பத்தைத் தணிக்கும். வெப்பம் தணிந்தால் இழுவையும் தணியும். ஒரு பிழைக்கு இரட்டைத் தண்டனை.

வாயைக் குறுக்கிய அறிஞர்

பீரங்கி துளைக்கும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கம் என்று காட்டிய ரம்ஃபோர்டு பிரபுவைப் பௌதிக மாணவர் அறிவர். அவரே கணப்புகளையும் ஆராய்ந்து 1796இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லண்டன் வீடுகளில் புகை கக்கிய கணப்புகளை அவர் திருத்திய முறை என்ன? வாயை அகலமாக்கியதா? இல்லை, குறுக்கினார்! பக்கச் சுவர்களைச் சாய்வாக்கினார். புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்கினார். புகை ஒழுங்காக மேலேறிற்று; அறைக்கு வெப்பமும் கூடிற்று.

நம் நாட்டிலும் இந்த நெறியில் உழைத்தவர்கள் உண்டு. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர், புகையில்லாச் சமையலறையைக் கோடிக்கணக்கான ஏழை மக்களுக்குக் கொண்டுசெல்வது பற்றி எழுதிய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. அவர் வகுத்த மண்ணடுப்பில் நெருப்பு மூடிய வழியில் செல்லும். பானைகள் துளைகளின்மேல் அமர்ந்து அவற்றை அடைக்கும். புகை புகைபோக்கி ஒன்றையே வழியாகக் காணும். நம் கொடியடுப்பில் ஒரே நெருப்பு பக்கத்துக் குழிக்கும் வெப்பம் கொடுப்பதை அறிந்த தமிழருக்கு இந்தக் கருத்து அன்னியமானதன்று.

இந்திய அரசு 1983இல் தொடங்கி 2002 வரை நாடெங்கும் திருந்திய அடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. பிற்காலத்தில் ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. முதலாண்டில் புகை உட்கொள்வது குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாததும் பழுது பார்க்காததுமே காரணம். நல்ல அடுப்பைக் கட்டுவது பாதி வேலை. புகைபோக்கியைத் துடைப்பது மறுபாதி.

புகையைச் சிறு தொல்லை என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரும் இந்தியத் துணைவர்களும் 1980களின் தொடக்கத்தில் குசராத்துச் சிற்றூர்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்து பார்த்தார்கள். புகை என்றால் ஆலையும் மோட்டாரும் என்றிருந்த உலகின் பார்வையை அந்த அளவு அடுக்களைக்குத் திருப்பிற்று. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

அகலம் அடுப்புக்கு, புகைக்கு அன்று

எங்கள் பிழை எங்கே என்று இப்போது விளங்கியிருக்கும். இரும்பு அடுப்பு உள்ளே நுழையவே அகலம் வேண்டியிருந்தது. புகைக்கு அந்த அகலம் வேண்டியதில்லை. ஆகவே, இடித்த வாயை மீண்டும் மூட வேண்டும்!

மாடத்தின் உச்சியில், புகைபோக்கி தொடங்கும் இடத்தில், ஓர் இரும்புத் தகட்டைக் குறுக்கே பொருத்தினோம். தகட்டில் ஆறு அங்குல வட்டத் துளை. அடுப்பின் பின்புறத்துக் குழாய் அந்தத் துளை வழியே புகைபோக்கிக்குள் நுழைந்தது. தகட்டின் விளிம்புகளை அடைத்தோம். இப்போது புகைபோக்கியின் கண்ணுக்கு மாடத்தின் பெரிய வாய் தெரியாது. அடுப்பின் கதவு மட்டுமே தெரியும். கதவு 9 பெருக்கல் 8, அதாவது 72 சதுர அங்குலம். குழாயின் பரப்பு ஏறத்தாழ 28. பங்கு இரண்டரையில் ஒன்று என்ற அளவுக்கு உயர்ந்தது. அன்று காலை நெருப்பு மூட்டியபோது புகை ஒரு முறை தயங்கிற்று. பிறகு கதவின் உள்ளே திரும்பி மேலே ஓடிற்று. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு இதுவரை கிடைத்ததில்லை.

இன்னும் மூன்று குறிப்புகள்:

அடுப்பைச் சுவரோடு நெருக்கிக் கட்டக் கூடாது. ஒரு மீட்டர் இரும்பு 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீளும். செங்கல் அவ்வளவு நீளாது. இடமில்லாவிட்டால் இரும்பு சுவரை உதைத்து உடைக்கும். ஆகவே அரை அங்குலம் இடைவெளி விட்டு, வெப்பம் தாங்கும் பீங்கான் நாரால் தளர்வாக அடைக்க வேண்டும். பழைய கல்நார்க் கயிறு கைக்கு அகப்பட்டாலும் தொடக் கூடாது. அதன் தூசு புற்றுநோய் தரும்.

வாய்க்குமேல் வைத்த இரும்பைச் சுடரின் எதிரே வெறுமையாக விடக் கூடாது. 550 பாகையை நெருங்கும்போது இரும்பின் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். களிமண் பூச்சோ செங்கல் மறைப்போ அதற்குக் கவசம். நெருப்பைத் தொடும் இடங்களில் சிமிண்டுக் காரையைவிடக் களிமண் காரையே நிலைக்கும்.

வெளியேறும் புகைக்கு ஈடாக அறைக்குள் காற்று வர வேண்டும். மழைக்காலத்தில் கதவையும் சன்னலையும் இறுக மூடிவிட்டு, “அடுப்பு புகைகிறது” என்பது, குடத்தின் வாயை அடைத்துவிட்டு நீர் வரவில்லை என்பதை ஒக்கும்.

இனி வருவது

2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம், இந்நகரில் விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிக்கடைகள் முதலியன ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. தலைமுறை தலைமுறையாக நின்ற செங்கற்சூளை அடுப்புகள் பலவற்றின் வாயில் உளி விழும் காலம் இது. அத்தை வீட்டிலும் எரிவாயுப் பேச்சு நடக்கிறது. ஆகவே இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை; இப்போதுதான் தேவைப்படுகிறது.

எரிவாயு வந்தால் புகைபோக்கி வேண்டாம் என்று அதை அடைத்துவிடுவோர் உண்டு. அது தவறு. சுடர் எதுவாயினும் காற்றை உண்ணும். காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற, நிறமும் மணமும் இல்லாத நஞ்சைக் கக்கும். அன்றியும், சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். குழாய் வழியே வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, கூரையில் தேங்கும். முன்னதற்குத் தரையோரத்திலும் பின்னதற்குக் கூரையோரத்திலும் காற்றுவழி வேண்டும். எரிபொருள் மாறினால் வாயின் இலக்கணமும் மாறும்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் பட்டம் பெற்று ஆய்வுக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் போகிறவர்கள். ஆனால் வீட்டில் ஒரு சுவரை இடிக்குமுன் பெரியவர்கள் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். “நீ படிச்ச பிள்ளை, சொல்லு” என்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சுமப்பது 272 கிலோவைச் சுமப்பதைவிடக் கடினம். அந்நேரத்தில் தெரிந்ததுபோல் தலையசைப்பது கல்வியன்று. இந்த வாய்க்கு மேலே யார் படுத்திருக்கிறார்? இந்த வாய்க்கு உள்ளே எது ஓடுகிறது? இவ்விரண்டையும் கேட்டுவிட்டு, விடை தெரியாதபோது தெரிந்தவரை அழைப்பதே கல்வி.

கலினா வளாகத்து ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடுமுன் இன்றும் அந்த முதிய கொத்தனாரின் குரல் என் காதில் விழுகிறது: “முட்டு எங்கே தம்பி?”